நூறு கெஜம், பத்து விநாடி: ஆர்தர் வார்ட்டன் செய்ததும் செய்யாததும்

கேள்வி இதுதான்: "1886லேயே ஆர்தர் வார்ட்டன் என்ற ஆப்பிரிக்கர் 100 கெஜத்தைப் பத்து விநாடியில் ஓடி, உலகிலேயே முதன்முதலாக அந்த வேகத்தைத் தொட்டார். கறுப்பர் என்பதால் வெள்ளைக்காரர்கள் அவர் பெயரை மறைத்துவிட்டார்கள் என்று ஒரு துணுக்கு சுற்றுகிறது. உண்மையா?"

ஓடியது உண்மை. தேதி, நேரம் எல்லாம் சரி. "உலகிலேயே முதன்முதலாக" என்பது தப்பு. "மறைத்துவிட்டார்கள்" என்பதற்கு ஆமாம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் கிடையாது. நிறவெறி இருந்தது, நிறையவே இருந்தது. ஆனால் அவர் பெயர் தடகள வரலாற்றின் ஓரத்துக்குப் போனதில் இன்னொரு விஷயத்துக்கும் பெரிய பங்கு உண்டு. அவர் காசு வாங்கிக்கொண்டு ஓடினார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் அது எவ்வளவு பெரிய குற்றம் என்பது புரிந்தால்தான் வார்ட்டன் கதை புரியும்.

முதலில் அந்த நாள். 1886 ஜூலை 3. லண்டனில் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானம். இன்று செல்சீ அணியின் வீடு என்று கால்பந்து ரசிகர்களுக்குத் தெரியும். ஆனால் செல்சீ அங்கே வந்தது 1905இல்தான். 1877இல் திறந்ததிலிருந்து அதுவரை அது முழுக்க முழுக்க ஓட்டக்காரர்களின் மைதானம், லண்டன் தடகளக் கழகத்தின் இடம். அன்று நடந்தது இங்கிலாந்து அமெச்சூர் தடகளச் சங்கத்தின் ஆண்டுப் போட்டி. அமெச்சூர் என்றால் காசு வாங்காமல் ஓடுபவர். பெயருக்குத்தான் அது இங்கிலாந்துப் போட்டி. வேறு நாட்டவரும் வந்து ஓடலாம், ஒலிம்பிக்ஸ் என்ற ஒன்று மறுபடி தொடங்காத காலம், ஆகவே இதில் ஜெயிப்பதற்குக் கிட்டத்தட்ட உலகப் பட்டத்தின் மரியாதை இருந்தது.

வட இங்கிலாந்தின் டார்லிங்டனிலிருந்து வந்திருந்த இருபது வயது வார்ட்டன் தகுதிச் சுற்றில் பத்து விநாடியில் ஓடினார். இறுதிப் போட்டியிலும் அதே பத்து விநாடி. அந்தச் சங்கம் 1880இல் தொடங்கியதிலிருந்து அதன் சாம்பியன்ஷிப்பில் யாரும் பத்தைத் தொட்டதில்லை. 100 கெஜம் பத்து விநாடியில் என்றால் விநாடிக்குச் சரியாகப் பத்து கெஜம். ஆங்கிலேயர்கள் அதற்கு "ஈவன் டைம்" என்று பெயரே வைத்திருந்தார்கள். பிற்காலத்தில் ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடுவது என்ற கனவு இருந்ததே, குறுந்தூர ஓட்டக்காரர்களுக்கு அந்தக் காலத்தில் இது அப்படி.

100 கெஜம் என்பது 91.44 மீட்டர். மீதி எட்டரை மீட்டரையும் அதே வேகத்தில் ஓடியிருந்தால் 100 மீட்டருக்குச் சுமார் 10.9 விநாடி வரும். இன்றைக்கு ஒரு நல்ல கல்லூரி வீரர் ஓடுகிற நேரம்தானே என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். தடம் கரித்துகளைப் போட்டு இறுக்கியது. மழை பெய்தால் களியாகும், வெயில் அடித்தால் புழுதியாகும். காலை ஊன்றி உந்தக் கட்டைகள் கிடையாது. தரையில் கைவிரல்களை ஊன்றிக் குனிந்து கிளம்புகிற முறையே அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக மாணவர் சார்லஸ் ஷெரில் 1888 வாக்கில் செய்து காட்டிய பிறகுதான் பரவியது. வார்ட்டனும் அவருடன் ஓடியவர்களும் நின்றபடியே, உடம்பைச் சற்று முன்னால் சாய்த்து, துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் பாய்ந்தவர்கள்.

அப்புறம் கடிகாரம். கையால் அழுத்துகிற ஸ்டாப்வாட்ச், விநாடியை ஐந்தாகப் பிரித்துக் காட்டும். 10க்கு அடுத்தது 10.2, அதற்கு முந்தியது 9.8. ஐந்தில் ஒரு விநாடி என்பது அந்த வேகத்தில் ஏறக்குறைய இரண்டு மீட்டர். முள் காட்டிய பத்து உண்மையில் பத்துக்குக் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ இருந்திருக்கலாம். அதனால்தான் பழைய நேரங்களை இன்றைய மின்னணு நேரங்களோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அவர் தன் காலத்து ஆட்களைத் தோற்கடித்தாரா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. தோற்கடித்தார். அடுத்த வருடம் ஸ்டவர்பிரிட்ஜ் நகரில் நடந்த போட்டியிலும் மறுபடி அவர்தான் சாம்பியன். எகிப்து இளவரசர் ஹசன் பெயரில் 100 கெஜ வீரருக்குத் தரப்பட்ட கோப்பை இரண்டு ஆண்டும் அவருக்கே போனது. ஓட்ட உடையில் கோப்பையோடு அவர் ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட படம் ஒன்று இருக்கிறது. மிடுக்கான ஆள்.

சரி, இப்போது அந்த "உலகிலேயே முதன்முதலாக" விவகாரத்துக்கு வருவோம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 100 கெஜத்தை யாரோ பத்து விநாடியில் ஓடியதாக 1886க்கு முன்பே பதிவுகள் உண்டு. உலக சாதனை என்று முத்திரை குத்துகிற சர்வதேசச் சங்கம் பிறந்ததே 1912இல். அதற்கு முந்தையது எல்லாம் யார் சொன்னதை யார் நம்பினார்கள் என்பதைப் பொறுத்தது. வார்ட்டனின் பத்து மற்றவற்றைவிட ஒரு படி மேலே நிற்கக் காரணம், அது பெரிய போட்டியில், பொறுப்பான நடுவர்கள் முன்னால், ஒரே நாளில் இரண்டு தடவை நடந்தது என்பதுதான்.

ஆனால் அன்றைய இங்கிலாந்தின் மிக வேகமான மனிதர் வார்ட்டன்தானா? என்னைக் கேட்டால், இல்லை. அது ஹாரி ஹட்சன்ஸ்.

ஹட்சன்ஸ் பணத்துக்கு ஓடியவர். 1884 ஜனவரி 2 அன்று எடின்பரோவின் பவுடர்ஹால் மைதானத்தில் 300 கெஜத்தை 30 விநாடியில் ஓடினார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அடுத்தடுத்து மூன்று நூறு கெஜம், ஒவ்வொன்றும் சராசரி பத்து விநாடி, அதுவும் ஸ்காட்லாந்தின் ஜனவரிக் குளிரில். அமெச்சூர் உலகம் ஒரு நூறு கெஜத்துக்குக் கனவு கண்ட வேகத்தை அவர் மூன்று மடங்கு தூரத்துக்குப் பிடித்து வைத்திருந்தார், வார்ட்டனுக்கு இரண்டரை வருடம் முன்பே. ஆனால் இரண்டு பேரும் ஒரே கோட்டில் நிற்க வழியே கிடையாது. ஹட்சன்ஸ் தொழில்முறை, வார்ட்டன் அமெச்சூர்.

நம் ஊரில் இந்த வேறுபாட்டைச் சொன்னால், ஒருவர் முழுநேர வீரர், இன்னொருவர் பகுதிநேர வீரர் என்று எடுத்துக்கொள்வார்கள். அது அப்படி இல்லை. அது கிட்டத்தட்ட ஒரு சாதிக் கோடு. 1866இல் தொடங்கிய முதல் அமெச்சூர் தடகளக் கழகம், பணத்துக்கு ஓடுபவர்களை மட்டுமல்ல, கைத்தொழிலாளி, கூலியாள் என்று உடம்பால் உழைத்துப் பிழைக்கும் எல்லோரையும் விலக்கி வைத்தது. 1880இல் ஆக்ஸ்ஃபோர்டில் புதிய சங்கம் அமைந்தபோது அந்த விதியைத் தூக்கினார்கள். தொழிலாளி ஓடலாம். ஆனால் ஓட்டத்தால் ஒரு காசு சம்பாதித்தாலும் வெளியே.

தொழில்முறை ஓட்டம் வேறொரு உலகம். அதன் தலைநகர் ஷெஃபீல்டு. எஃகுத் தொழிலாளிகளின் ஊர். அங்கே நடந்ததெல்லாம் பெரும்பாலும் ஹேண்டிகேப் ஓட்டங்கள்: வேகமானவர் கோட்டில் நிற்பார், மற்றவர்களுக்கு அவரவர் திறமைக்கேற்பச் சில கெஜங்கள் முன்னால் இடம். எல்லோருக்கும் ஜெயிக்க வாய்ப்பு, எனவே எல்லோர் மீதும் பந்தயம் கட்டலாம். இதிலிருந்து பிறந்த தந்திரங்கள் சொல்லி மாளாது. திறமையை ஒளித்து வைத்து மாதக்கணக்கில் தோற்பார்கள், நல்ல இடம் கிடைத்த அன்று பாய்வார்கள். வேறு ஊரில் வேறு பெயரில் ஓடுவார்கள். ஓடுபவருக்குப் பின்னால் அவருக்குச் சோறு போட்டுப் பயிற்சி கொடுக்கும் ஒரு கூட்டம் இருக்கும், இன்று ஜெயிப்பதா தோற்பதா என்று முடிவு செய்வது அந்தக் கூட்டம்தான்.

இதன் உச்சம் 1887 செப்டம்பர். ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜுக்குப் பக்கத்திலேயே இருந்த லில்லி பிரிட்ஜ் மைதானம். ஹட்சன்ஸுக்கும் ஹாரி ஜென்ட்டுக்கும் ஓட்டம் என்று ஆயிரக்கணக்கானோர் காசு கொடுத்து உள்ளே வந்துவிட்டார்கள். யார் தோற்க வேண்டும் என்பதில் இரு தரப்புப் பந்தயக் கும்பல்களுக்கும் உடன்பாடு வரவில்லை. ஓட்டக்காரர்களை அங்கிருந்து வெளியே கடத்திக்கொண்டு போய்விட்டார்கள். ஓட்டம் இல்லை என்று தெரிந்ததும் கூட்டம் மைதானத்தை அடித்து நொறுக்கித் தீ வைத்தது. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் எஃப்.ஏ. கோப்பைக்கான 1873 இறுதியாட்டத்தைக் கண்ட மைதானம் அத்தோடு முடிந்தது.

ஹட்சன்ஸின் நேரங்களை அமெச்சூர் உலகம் ஏன் ஏற்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டியதில்லை. அவர் வேகமானவர் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் எந்த நாள் அவர் உண்மையாக ஓடினார் என்று யாரால் சொல்ல முடியும்?

இப்படிப்பட்ட கோட்டை வார்ட்டன் 1888இல் தாண்டினார்.

ஏன் தாண்டினார் என்பதற்கு அவர் யார் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். 1865 அக்டோபர் 28 அன்று இன்றைய கானாவின் அக்ராவில், ஜேம்ஸ்டவுன் பகுதியில் பிறந்தவர். அப்போது அது கோல்டு கோஸ்ட் என்ற பிரிட்டிஷ் காலனி. அப்பா ஹென்றி வார்ட்டன் கரீபியத் தீவான கிரெனடாவிலிருந்து வந்த மெதடிஸ்ட் மிஷனரி, அவர் உடம்பில் பாதி ஸ்காட்லாந்து ரத்தம். அம்மா அந்த ஊர்ப்பக்கத்து ஃபான்ட்டி இனத்தின் அரச குடும்பத்துச் சொந்தம், அவருக்கும் ஒரு ஸ்காட்லாந்து வணிகர் அப்பா. இல்லாத வீட்டுப் பிள்ளை இல்லை. அப்பா வழியில் சமய ஊழியராக்கலாம் என்றுதான் 1882இல் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். முதலில் ஸ்டாஃபோர்டுஷயரில், பிறகு 1884இலிருந்து டார்லிங்டனில் உள்ள க்ளீவ்லண்ட் கல்லூரியில் படித்தார். படித்தார் என்று சொல்வது மரியாதைக்கு. ஓட்டம், கால்பந்து, கிரிக்கெட், சைக்கிள் என்று எதைத் தொட்டாலும் வந்தது. பிரசங்க மேடைப் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

இதற்கு நடுவே கால்பந்து. டார்லிங்டன் அணியின் கோல்கீப்பராக இருந்தவரை, அப்போதைய இங்கிலாந்தின் மிகப் பெரிய அணிகளில் ஒன்றான பிரஸ்டன் நார்த் எண்ட் பார்த்து அழைத்தது. 1886-87 பருவத்தில் அந்த அணியோடு எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி வரை போனார், வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனிடம் தோற்றார்கள். இரண்டு வருடம் கழித்து அதே பிரஸ்டன், வரலாற்றின் முதல் லீக் போட்டியில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் பட்டம் வென்றது, கோப்பையில் ஒரு கோல்கூட வாங்கவில்லை. வார்ட்டன் அதற்குள் அங்கிருந்து போய்விட்டார். வாழ்க்கையில் தப்பான நேரத்தில் இடம் மாறும் ராசி அவருக்குக் கடைசி வரை இருந்தது.

அந்தக் காலத்து கோல்கீப்பர் வேலை இன்றுபோல் இல்லை. பந்து கையில் இருக்கிறதோ இல்லையோ, எதிரணியினர் வந்து தோளால் இடித்து கோலுக்குள்ளேயே தள்ளலாம். அதனால் பிடிப்பதைவிடக் குத்தி அனுப்புவதே பாதுகாப்பு, வார்ட்டனின் குத்து பேர் பெற்றது. ஒரு சேட்டையும் உண்டு அவரிடம். கோலின் ஒரு மூலையில் குந்தி உட்கார்ந்திருப்பார், ஆள் இல்லை என்று எதிரி உதைக்கும் கடைசி நொடியில் பாய்வார். அதற்கு அந்தக் கால்கள் வேண்டும். அவர் இறந்து பல வருடம் கழித்து, 1942இல், ஷெஃபீல்டு செய்தித்தாள் ஒன்றுக்கு ஒரு முதிய ரசிகர் எழுதிய கடிதத்தில் ஒரு காட்சி வருகிறது: வார்ட்டன் துள்ளிக் குறுக்குக்கம்பியைப் பிடித்துத் தொங்கி, வந்த பந்தைக் கால்களுக்கிடையில் பிடித்துக்கொண்டாராம். ஓடி வந்த மூன்று எதிரணி வீரர்கள் நிலைதடுமாறி வலைக்குள்ளேயே போய் விழுந்தார்களாம். ஐம்பது வருட ஞாபகம், கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஏறாமல் இருந்தால் இன்னும் நல்லது.

கூட்டத்துக்குப் பிடித்தது எல்லோருக்கும் பிடிக்கவில்லை. 1887இல் ஒரு விளையாட்டுப் பத்திரிகையில் புனைபெயரில் எழுதியவர், கோல் கம்பங்களுக்கு நடுவே கோமாளித்தனம் கூடாது என்பது இவர் மண்டையில் ஏறாதா என்று கேட்டார். கேட்டது தோலின் நிறத்தைச் சொல்லும் வசைச் சொல்லோடு, மண்டை தடித்தது என்ற ஏளனத்தோடு. இதே விளையாட்டை ஒரு வெள்ளைக்காரர் காட்டியிருந்தால் குறும்புக்காரர் என்று எழுதியிருப்பார்கள். துணுக்கு சொல்கிற நிறவெறி இங்கே அச்சிலேயே இருக்கிறது.

ஆனால் 1888இல் அவர் தொழில்முறை ஓட்டக்காரர் ஆனதற்கு யாரும் அவரைத் துரத்தவில்லை. படிப்பு முடியவில்லை, வருமானம் இல்லை, இரண்டு முறை சாம்பியன் என்ற பெயருக்குச் சந்தை இருந்தது. ஷெஃபீல்டின் குவீன்ஸ் மைதானத்தில் அந்த வருடம் நடந்த செப்டம்பர் ஹேண்டிகேப்பில் ஜெயித்தார். அமெச்சூர் தடகளத்தின் கதவு அத்தோடு அடைத்தது, திறக்கவே இல்லை. எத்தனை வேகமாக ஓடினாலும் சாதனைப் பட்டியலில் இனி இடமில்லை. கோட்டைத் தாண்டியவர்கள் எல்லோருக்கும் இதே கதிதான், வெள்ளைக்காரர்களுக்கும். 1892 முதல் 95 வரை தொடர்ந்து நான்கு முறை இதே 100 கெஜப் பட்டத்தை வென்ற சார்லி பிராட்லியையும், ஸ்காட்லாந்தின் ஆல்ஃபிரட் டவுனரையும் இன்னும் சிலரையும், கைக்குள் பணம் வாங்கினார்கள் என்று 1896இல் சங்கம் தடை செய்தது. கோப்பை, கடிகாரம், வெள்ளித்தட்டு என்று கொடுத்தால் அமெச்சூர். அதே மதிப்பைக் காசாகக் கொடுத்தால் தொழில்முறை. இந்தப் பாசாங்கு அதற்குப் பிறகும் பல தலைமுறை ஓடியது.

கால்பந்தில் நிலைமை வேறு. அங்கே 1885இலேயே சம்பளத்தை அனுமதித்துவிட்டார்கள். அந்த அனுமதிக்காக முன்னால் நின்று சண்டை போட்ட அணியே பிரஸ்டன்தான். 1889இல் வார்ட்டன் ராதர்ஹாம் டவுன் அணியில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். உலகின் முதல் கறுப்பினத் தொழில்முறைக் கால்பந்து வீரர் என்று அவரைச் சொல்வது இதை வைத்துத்தான். அவர்தான் முதல் கறுப்பினக் கால்பந்து வீரர் என்று நீட்டிவிடக் கூடாது. ஸ்காட்லாந்து தேசிய அணிக்கு 1881லேயே ஆண்ட்ரூ வாட்சன் தலைமை தாங்கி, இங்கிலாந்தை அதன் மண்ணிலேயே 6-1 என்று தோற்கடித்திருக்கிறார்.

ராதர்ஹாமில் மதுக்கடை ஒன்றையும் நடத்தினார், விளையாட்டு வீரர்களுக்கு அன்று வழக்கமான பக்கத் தொழில். 1890இல் எம்மா லிஸ்டரை மணந்தார். 1894இல் ஷெஃபீல்டு யுனைடெட் அழைத்தது. அங்கே முதல் கோல்கீப்பர் இடத்தில் வில்லியம் ஃபோக், பிற்காலத்தில் மலைபோல் பெருத்து "ஃபேட்டி" என்று இங்கிலாந்து முழுக்க அறியப்பட்டவர், அப்போது இருபது வயது. வார்ட்டனுக்கு முப்பதை நெருங்கும் வயது. மொத்தம் மூன்று ஆட்டம் கிடைத்தது. அதில் ஒன்று 1895 பிப்ரவரியில் சண்டர்லாந்துக்கு எதிரான முதல் டிவிஷன் ஆட்டம். அந்த உச்ச நிலையில் ஒரு கறுப்பின வீரர் ஆடியது அதுதான் முதல் தடவை. அதன் பிறகு மறுபடி ராதர்ஹாம், ஸ்டேலிபிரிட்ஜ், ஆஷ்டன் என்று ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி, 1902இல் ஸ்டாக்போர்ட் கவுன்ட்டி அணியோடு ஆட்டத்தை விட்டார்.

மிச்ச வாழ்க்கை நிலக்கரி. டான்காஸ்டருக்குப் பக்கத்தில் எட்லிங்டன் என்ற ஊரில், யார்க்ஷயர் மெயின் சுரங்கத்தில் வண்டி இழுக்கும் பகுதியில் கூலி வேலை. 1866இன் விதி எந்த மாதிரி ஆளை விலக்கியதோ, அந்த மாதிரி ஆளாக அவர் முடிந்தார். 1930 டிசம்பர் 13 அன்று இறந்தார், வயது 65. எட்லிங்டன் கல்லறைத் தோட்டத்தில், பெயர்ப் பலகைகூட இல்லாத ஏழைகள் குழியில் அடக்கம்.

ஆகவே "மறைத்துவிட்டார்கள்" என்பதைவிட, அவரை நினைவில் வைத்துக்கொள்ள யாருக்கும் வேலை இருக்கவில்லை என்று சொல்வேன். அமெச்சூர் சங்கத்துக்கு அவர் ஓடிப்போன பிள்ளை. தொழில்முறை ஓட்டத்துக்கு வரலாறு எழுத ஒரு அமைப்பே இல்லை, ஹட்சன்ஸ் பெயரையும் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? கோல்டு கோஸ்டுக்கு அவர் பதின்பருவத்திலேயே போய்விட்ட ஒரு பையன். இந்த மூன்றின் மேலும் நிறம் வேறு. ஒரு வெள்ளைக்காரச் சாம்பியன் சுரங்கத்தில் கூலியாக இருந்தால், ஏதாவது ஒரு பத்திரிகைக்காரர் தேடிப்போய்ப் பழங்கதை எழுதியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மீட்டெடுத்தவர்கள் தடகளக்காரர்கள் அல்ல, கால்பந்துக்காரர்கள். ஷெஃபீல்டில் கால்பந்தில் இனவெறியை எதிர்த்து இயங்கிய ஓர் அமைப்பு பணம் திரட்டி, 1997இல் அந்தக் குழிக்கு மேல் ஒரு கல் வைத்தது. 2003இல் இங்கிலாந்துக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் பெயர் ஏறியது. 2014 அக்டோபரில் தேசியக் கால்பந்து மையமான செயின்ட் ஜார்ஜஸ் பார்க்கில் பதினாறு அடி உயர வெண்கலச் சிலை திறந்தார்கள். அதில் அவர் ஓடவில்லை. ஒரு கையை முழுதாக நீட்டி எம்பி, விரல் நுனியால் பந்தைக் குறுக்குக்கம்பிக்கு மேலே தட்டிவிடுகிறார்.